கோபத்துக்கு ஐந்து மதிப்பெண்

'சாம்பல் மதில்' வரிசையின் மூன்றாம் பாகத்தில், கதாநாயகி அக்னிகாவைக் காவலர்கள் முடியைப் பிடித்து இழுத்துப்போகும் பக்கத்துக்கு ஐந்து மதிப்பெண். அங்கே கோபம் வர வேண்டும். சில பக்கங்கள் தள்ளி, துருவன் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்கும் இடத்துக்கு இரண்டு மதிப்பெண். அங்கே நெகிழ்ச்சி போதும். அழுதுவிட்டால் மிகையுணர்ச்சி என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆவடியில் ஜெயசீலன் மாஸ்டரின் பயிற்சி மையத்தில் இதையெல்லாம் பள்ளி திறப்பதற்கு முன்பே பிரித்து மேய்ந்துவிடுவார்கள். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட இடம். வாசலில் 'நூற்றுக்கு நூறு கோபம், எங்கள் உத்தரவாதம்' என்று பலகை. பிள்ளைகள் கையில் நாடி வளையத்தை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் நடுவில் உலாத்துவார்.

"மூச்சை மேல வாங்கு. வராதவங்க, வீட்ல உங்களுக்குப் பிடிக்காத சொந்தக்காரங்களை நெனைச்சுக்கோங்க. ம், வந்துடுச்சா? இப்ப பக்கத்தைத் திருப்பு. ஏய், சுதர்சன், உனக்கு என்னடா இன்னும் கோபத்துலயே நிக்குது? அது போன பக்கம்."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மனப்பாடம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரியவர்கள் ரொம்ப காலமாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உணர்வு மதிப்பீட்டு வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு எது தெரியும் என்பது முக்கியமில்லை, எதற்குத் துடிக்கிறது என்பதே முக்கியம் என்று வாரியம் கண்டுபிடித்தது. வளையம் துடிப்பையும் வியர்வையையும் தோலின் சூட்டையும் அளக்கும். புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கும் சில்லு, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று வளையத்துக்குச் சொல்லும். இரண்டையும் விடைக்குறிப்போடு ஒப்பிட்டால் மதிப்பெண். எழுத வேண்டாம், திருத்த வேண்டாம்.

அளப்பதற்கு ஒரு கதை வேண்டுமே. அனல்நேசன் எழுதிய 'சாம்பல் மதில்' அப்போது ஐந்து பாகமும் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளை ஒரு ராட்சசத் தராசில் நிறுத்தி, உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பிரித்துவிடுகிற ஒரு நாடு. அதை எதிர்த்துப் பிள்ளைகளே கிளம்பி மதிலை உடைக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பிரிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைக்காது என்று வாரியம் ஒருமனதாக முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நன்றாகத் துடித்தவர்களுக்கு முன்னணிப் பிரிவு: பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரி. மற்றவர்களுக்குச் சேவைப் பிரிவு: ஓசூரில் விடுதி, இரண்டு வருடப் பயிற்சி, பிறகு எங்கே போடுகிறார்களோ அங்கே வேலை.

இயலினிக்குச் சேவைப் பிரிவு வந்தது.

முடிவு வந்த அன்று அவள் அம்மா பத்மபிரியா ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பட்டுப்புடவைக்கு இரண்டு தடவை பில் போட்டு, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே மாஸ்டரிடம் போனாள். மகளையும் இழுத்துக்கொண்டுதான்.

"எங்கம்மா கோபப்பட்டா இவ?" என்றார் மாஸ்டர்.

"மூணாம் பாகத்துல, தண்ணி லாரி வர்ற எடம் சார்."

"தண்ணி லாரியா? அது பாடத்துலயே இல்லையே. தேவையில்லைன்னு நான் அடிச்சே குடுத்திருக்கேனே."

"அடிச்சதைத்தான் சார் படிச்சிருக்கா."

மாஸ்டர் இயலினியைப் பார்த்தார். தன் வருமானத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட்டவளைப் பார்க்கும் பார்வை அது. "ஏம்மா, எத்தனை பசங்க என்கிட்ட கோபம் கத்துக்கிட்டு டாக்டராயிருக்காங்க தெரியுமா? கேக்குற எடத்துல கோபப்பட்டுட்டுப் போகாம உனக்கு எதுக்கு இந்த வேலை?"

அந்தத் தண்ணீர் லாரிக் காட்சி இதுதான். கலகக்காரப் பிள்ளைகள் காலி டேங்குக்குள் ஒளிந்துகொண்டு மதிலைத் தாண்டிப் போகிறார்கள். ஓட்டுகிறவர் செல்லையா. கிளம்பும் முன் தன் புளிசாதத்தை அக்னிகாவிடம் கொடுத்து, "சாப்பிடு பாப்பா, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்கிறார். வாசலில் காவலர்கள் சுடுகிறார்கள். 'ஓட்டுநர் சரிந்தான்' என்று ஒரு வரி. அந்த வரியிலேயே முற்றுப்புள்ளி. அடுத்த வரியில் அக்னிகா, முடிகூடக் கலையாமல், டேங்குக்குள்ளிருந்து வெளியே வருகிறாள். துருவன் நிற்கிறான். பிறகு இரண்டு முழுப் பக்கத்துக்குக் கண்கள்.

அந்த ஒரு வரியில் இயலினியின் துடிப்பு ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. நெகிழ வேண்டிய இரண்டு பக்கமும் கோபத்திலேயே போய், அங்கே இருந்த மதிப்பெண்ணும் போயிற்று.

மாஸ்டர் வீட்டுப் படியில் இறங்கும்போது பத்மபிரியா சொன்னாள்: "ரெண்டே ரெண்டு வார்த்தைடி. அதுக்குப் போயி இப்படியா?"

"ரெண்டே ரெண்டு வார்த்தைங்கறதாலதாம்மா."

"சட்டம் படிக்கணும் சட்டம் படிக்கணும்னு உயிரை வாங்குனல்ல. ஓசூர்ல போய்ப் படி."

திட்டினாளே தவிர, மறுநாளே மேல்முறையீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

வாரியத்தின் கட்டிடத்துக்கு 'சுடர் மாளிகை' என்று பெயர். வாசலில் மதிலை உடைக்கும் அக்னிகாவின் வெண்கலச் சிலை. சிலையைச் சுற்றி யாரும் தொடாமல் இருக்க ஒரு மதில் கட்டியிருந்தார்கள். மேல்மாடி வராந்தா முழுக்கப் பெற்றோர்களும் பிள்ளைகளும். மேல்முறையீட்டுக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் வாசலிலேயே வளையம் மாட்டி, கையில் மூன்றாம் பாகத்தைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போகும் முன்பே உணர்ச்சி ஒரு நிலைக்கு வர வேண்டுமாம்.

வராந்தாவில் பெயர் கூப்பிடும் வேலையில் இருந்தவர் தயாளன். நாற்பது முகத்தைப் பார்த்தால் நாற்பது கதையும் தெரிந்துகொள்கிற ஆள். பத்மபிரியாவின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எந்த எடம்மா?"

"டிரைவர் சாகுற எடம்."

"வீட்ல யாராவது டிரைவரா இருந்து தவறியிருக்காங்களா? சொந்தத் துக்கச் சலுகைன்னு ஒன்னு இருக்கு. அது இருந்தா தப்பான எடத்துல கோபப்பட்டாலும் முழு மார்க்."

"அப்படி யாரும் இல்லையே. இவங்கப்பா தபால் ஆபீஸ்ல இருக்காரு."

"நல்லா யோசிங்க. ஒன்னுவிட்டவங்களா இருந்தாலும் பரவால்ல. போன வாரம் ஒரு பையன் நாய் சாகுற பக்கத்துல கோபப்பட்டுட்டான். வீட்ல நாய் செத்துச்சுன்னு சொன்னாங்க. பாஸ்."

"ஐயோ பாவம். எப்படிச் செத்துச்சாம்?"

"அவங்க வீட்ல நாயே கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டுத் தயாளன் அடுத்த பெயரைக் கூப்பிடப் போனார்.

பத்மபிரியா மகளின் காதருகே போனாள். "முருகானந்தம் மாமா லாரி ஓட்டுனாருன்னு சொல்லிடலாம்."

"மாமா உயிரோட இருக்காரும்மா."

"அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒன்னும் சொல்லமாட்டாரு."

"நான் சொல்லமாட்டேன்."

"நீ சொல்லாத. வாயை மூடிக்கிட்டு நில்லு, போதும்."

உள்ளே நீள மேசை. எதிரே மாணவிக்கு ஒரு நாற்காலி. நடுவில் வாரியத் தலைவி டாக்டர் கீர்த்தனா அருள்மணி. ஓரத்தில், வளையம் மாட்டிய எல்லாப் பிள்ளைகளின் கோடுகளும் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டு பிரசன்னா என்ற தொழில்நுட்ப உதவியாளன். தலைவியின் வலப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அனல்நேசன் 'சாம்பல் மதில்' புத்தகப்பைக் கடை ஒன்றைத் திறந்துவைக்கப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் மாலையோடு வந்து சேர்ந்தார். கறுப்புச் சட்டை. நெஞ்சில் 'அடங்காதே' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பிரசன்னா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தலைவி ஆரம்பித்தாள். "மேல்முறையீட்டு விதிப்படி, மாணவி முதலில் இந்த வரிசையின் நிறைகளைச் சொல்ல வேண்டும். பிறகு குறைகள். குறை இல்லை என்று நினைத்தால் அதையும் தயங்காமல் சொல்லலாம்."

"நிறையா, நெறைய இருக்கு மேடம்" என்றாள் இயலினி. "மொத பாகத்தை ஒரே மூச்சுல படிச்சேன். சாப்பிடக் கூப்பிட்டாங்க, போகல. அதுல ஒரு பொண்ணு வருவா, தராசுல எடை கூட காட்டணும்னு பாவாடைக்குள்ள கல்லை வெச்சுத் தைச்சுக்கிட்டு வருவா. நடக்க முடியாம நடப்பா. எல்லாரும் சிரிப்பாங்க. அதைப் படிச்சிட்டு நான் ரொம்ப நேரம் அழுதேன். எங்க ஸ்கூல்ல எல்லாருமே அப்படித்தான் நடக்கறோம்னு தோணுச்சு. அதை எழுதுனதுக்கு சாருக்கு தேங்க்ஸ்."

அனல்நேசன் கண்ணை மூடித் தலையசைத்தார். நன்றியை அவர் அப்படித்தான் வாங்கிக்கொள்வார்.

"அந்தப் பக்கத்துக்கு மார்க் இல்லை" என்று பிரசன்னா திரையைப் பார்த்துச் சொன்னான்.

"குறைகள்?" என்றாள் தலைவி.

"ரெண்டாம் பாகம் முழுக்க அக்னிகா துருவனா ருத்ரனான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கா. மதிலுக்கு அந்தப் பக்கம் சனங்க சோறில்லாம கெடக்காங்க. காட்டுக்குள்ள எரநூறு பேரு ஒளிஞ்சிருக்காங்க, அவங்களுக்கு யாரு சமைக்கறாங்கன்னு எங்கயுமே வரல. அதைக்கூட விட்டுடலாம். செல்லையா சாப்பாடு குடுக்கற வரைக்கும் செல்லையா. குண்டு பட்டதும் ஓட்டுநர். செத்தவருக்கு மரியாதைகூட இல்ல, சரிந்தான்னு முடிச்சிட்டாரு. அந்தப் பசங்க யாரும் இறங்கிப்போய் அவரைப் பார்க்கல. அதுக்கப்புறம் ரெண்டு பாகம் வருது. ஒருத்தரும் அவரைப் பத்திப் பேசல. அவரு குடுத்த புளிசாதத்தைத் தின்னுட்டுத்தானே போனாங்க?"

அனல்நேசன் கண்ணைத் திறந்தார். "எந்த ஓட்டுநர்?"

"தண்ணி லாரி, சார்."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "அது குறியீடும்மா. பெயரற்றவர்களின் குறியீடு. பெயரை எடுத்ததே அதுக்குத்தான்."

"பேரு இருந்துச்சே சார். நீங்கதானே வெச்சீங்க."

தலைவி தொண்டையைச் செருமினாள். "உன் அளவீட்டைப் பார்த்தேன். இவ்வளவு கோபம் ஒரு சிறிய பாத்திரத்தின் மேல் வரக் காரணம் இல்லை. உங்கள் குடும்பத்தில் யாராவது ஓட்டுநரா?"

"ஆமாங்க மேடம்" என்றாள் பத்மபிரியா. முன்னால் ஓரடி வந்துவிட்டாள். "என் கூடப்பொறந்த அண்ணன். லாரிதான் ஓட்டுனாரு. போயிட்டாரு. இவ மேல உசிரையே வெச்சிருந்தாரு."

அறையே இளகியது. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். காரணம் கிடைத்துவிட்டதில் அவளுக்கு உண்மையாகவே நிம்மதி. அனல்நேசன் நெஞ்சில் 'அடங்காதே' இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டார். பிரசன்னாவின் விரல் 'சலுகை' என்ற பொத்தானுக்குப் போனது.

"எங்கேம்மா விபத்து?" என்றாள் தலைவி.

"வந்து, திண்டிவனம்கிட்ட."

"மாமா வீட்ல டிவி பாத்துக்கிட்டிருக்காரு, மேடம்" என்றாள் இயலினி. "காலையில வரும்போதுகூட என் பேனாவை எடுத்துட்டுப் போகாதன்னு கத்துனாரு. அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

பத்மபிரியா மகளின் கையைக் கிள்ளினாள். கிள்ளியது திரையில் ஒரு சின்னக் குன்றாகத் தெரிந்தது.

"அப்படியானால் ஏன் கோபம்?" தலைவிக்கு நிஜமாகவே புரியவில்லை. "உனக்கு அவர் யார்?"

"யாரும் இல்ல. யாரோ ஒருத்தரு நமக்காக செத்தா கோபம் வர்றதுக்கு அவரு மாமாவா இருக்கணுமா மேடம்?"

தலைவி விடைக்குறிப்பைப் புரட்டினாள்.

"இன்னொன்னும் இருக்கு" என்றாள் இயலினி. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்பதுபோல் வேகமாகச் சொன்னாள். "கடைசி பாகத்துல அரசனைக் கொன்னதும் எல்லாம் சரியாயிடுது. கொடி ஏத்தறாங்க. ஆனா தராசை அரசனா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு? தட்டுல கல்லு வெக்க ஆளு இருந்தாங்க. பேரு கூப்பிட, எடையைப் பார்த்துச் சொல்ல ஆளு இருந்தாங்க. அவங்கெல்லாம் ஆயிரம் பேராவது இருந்திருப்பாங்க. மறுநாள் காலையில அவங்க எங்க போனாங்க? சார் அதை எழுதவே இல்ல. வேற எங்கயாவது வேலைக்குச் சேர்ந்துட்டாங்களா?"

பிரசன்னா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு மறுபடி திரைக்குள் போய்விட்டான்.

அனல்நேசன் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வரும் என்று பத்மபிரியா பயந்தாள். அவர் சிரித்தார். "இதுதான், இதுதான் நான் எதிர்பார்த்த வாசகி. கீர்த்தனா, இந்தப் பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு. அந்த ஓட்டுநருக்கு ஆறாம் பாகத்துல ஒரு அத்தியாயமே குடுத்துடறேன். அவன் பார்வையில சாவு. சிரிச்சுக்கிட்டே சாகுறான். அக்னிகா தப்பிச்சிட்டான்னு அவனுக்குப் பரம சந்தோஷம்."

"அருமை" என்றாள் தலைவி. "வாரியமும் இந்தக் கருத்தை ஏற்கிறது. ஓட்டுநர் இறக்கும் இடத்தில் கோபத்துக்கு இனி ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில் சேர்த்துவிடலாம். வாழ்த்துகள்."

பத்மபிரியாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கை கூப்பினாள். "ரொம்ப நன்றிங்க மேடம். அப்ப முன்னணிப் பிரிவு?"

"அது அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும்மா. முன்தேதியிட்டுத் திருத்த முடியாது. சரியான இடத்தில், முறையாகக் கோபப்பட்ட பிள்ளைகளுக்கு அது அநீதியாகிவிடும் இல்லையா? இவளுக்கு சேவைப் பிரிவு உறுதி. ஓசூரில் நல்ல விடுதி. காற்றோட்டமாக இருக்கும்."

இயலினி அசையவே இல்லை. மடியில் இருந்த புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மேடம்" என்றான் பிரசன்னா. குரல் மாறியிருந்தது. "இங்க கொஞ்சம் பாருங்க."

திரையின் உச்சி வரைக்கும் கோடு போயிருந்தது. உச்சிக்கு மேலே திரை இல்லாததால் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

"இவ்வளவு யாருக்காவது வந்திருக்கா?" என்றாள் தலைவி.

"நான் பார்த்ததில்ல மேடம்."

"என் எழுத்து" என்றார் அனல்நேசன், மெதுவாக, கூச்சத்தோடு.

"புத்தகம் மூடியிருக்கு சார்."

"அதனாலென்ன?"

"மூடியிருந்தா கணக்குல வராது. கோபம் எவ்வளவு இருந்தாலும் புத்தகம் திறந்திருந்தாத்தான் மார்க். வெறுமனே வர்ற கோபத்தை சிஸ்டம் எடுத்துக்காது."

பத்மபிரியா காலையிலிருந்து அந்தக் கட்டிடத்தில் எல்லோரையும் சார், மேடம், தம்பி என்று கூப்பிட்டுக் கை கூப்பிக்கொண்டிருந்தவள். மகளின் மடியில் இருந்த புத்தகத்தை வெடுக்கென்று பிரித்தாள். எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"இப்ப தெறந்திருக்கு. இப்ப பாருங்க."

கோடு இறங்கவில்லை. பிரசன்னா பக்க எண்ணைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். "இது கடைசிப் பக்கம்மா. ஆசிரியர் குறிப்பு. கதையே இல்ல."

அந்தப் பக்கத்தில் அனல்நேசன் கன்னத்தில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அச்சிட்டிருந்தது: 'தரம் பிரிக்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் பேனா பிடித்தவர். உணர்வு மதிப்பீட்டு வாரியத்தின் ஆயுட்கால உறுப்பினர்.'

"இந்தப் பக்கத்துக்கு விடைக்குறிப்பு கெடையாது" என்றான் பிரசன்னா. "இதுல கோபப்படணும்னு யாரும் சொல்லலையேம்மா."

"சொன்னாத்தான் வருமா, தம்பி?"

பிரசன்னா தலைவியைப் பார்த்தான். தலைவி கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் இயலினியின் கையிலிருந்து வளையத்தைக் கழற்றினான். கழற்றும்போது மட்டும், மேசையில் இருந்த மற்ற இருவருக்கும் கேட்காத குரலில், "ஓசூர்ல குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றான். பிறகு உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினான்.

வெளியே வந்ததும் வராந்தாவே அவர்களை மொய்த்துக்கொண்டது. உள்ளே போய்விட்டு வருகிறவரைச் சும்மா விடுகிற வழக்கம் நம் ஊரில் எந்தத் தேர்வுக்கும் கிடையாது. முன்னால் நின்ற பெண் பத்மபிரியாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்ன கேட்டாங்க? எந்தப் பக்கம்?"

பத்மபிரியா மகளைப் பார்த்தாள். மகள் முகத்தில் அழுகை இல்லை. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது.

"கடைசிப் பக்கம்" என்றாள்.

"கடைசிப் பக்கமா? அது எந்த கைடுலயும் இல்லையே. அங்க என்ன வரணும்? கோபமா, நெகிழ்ச்சியா?"

"நீங்க ஒன்னும் சொல்லிக்குடுக்க வேணாம். புள்ளைங்க கையில குடுத்துட்டு சும்மா இருங்க."

அந்தப் பெண் திரும்பி மகனிடம் சொன்னாள். அவன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். வராந்தா நெடுகப் புத்தகங்கள் பின்பக்கமாகத் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். குட்டையான ஒரு பெண் கீழே அச்சிட்டிருந்ததை விரல் வைத்து இரண்டாவது முறை படித்தாள்.

பத்மபிரியாவும் இயலினியும் படிக்கட்டு வரைக்கும் வந்திருப்பார்கள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தலைவியின் குரல் கேட்டது.

"என்னப்பா பிரசன்னா, எல்லாருக்கும் ஏறுது?"